'செட்' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? கோட்டுகாலில் ஒன்று, களியக்காவிளை தாண்டினால் இன்னொன்று

"நான் செட் பாஸ் பண்ணிட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். அவர் எந்த வேலைக்குத் தகுதி பெற்றிருக்கிறார்?

அவர் எங்கே நின்று சொல்கிறார் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது கோட்டுகால். பாலராமபுரத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் பக்கம். அங்கே நின்று சொன்னால், அவர் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தயார். அதே ஆள் பாலராமபுரம் வந்து, தேசிய நெடுஞ்சாலை 66-ல் தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி, தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையில் இறங்கி அதே வாக்கியத்தைச் சொன்னால், கேட்பவர் "ஓ, காலேஜ் வேலைக்கா?" என்பார்.

சொல் ஒன்று. எழுத்து மூன்று. ஆனால் சான்றிதழ் வேறு, வேலை வேறு. இந்தச் சொல் இப்படிக் குழப்புவது தேர்வில் மட்டும் இல்லை. கல்யாணத்துக்குத் துணி வாங்கும்போது, வீடு கட்டும்போது, வரி கட்டும்போது, கோர்ட் நோட்டீஸ் படிக்கும்போது, டேட்டாபேஸில் ஒரு வரி எழுதும்போதும் 'செட்' வந்து நிற்கும். அதன் வகைகளை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் பிறகு சிரமம் இல்லை.

இந்தச் சொல் எவ்வளவு பெரியது?

1989-ல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' தான். 430-க்கும் மேற்பட்ட பொருள்கள், விளக்கமும் எடுத்துக்காட்டும் சேர்த்து சுமார் 60,000 சொற்கள். ஒரு சின்ன நாவல் அளவு.

பிறகு அகராதியைத் திருத்தத் தொடங்கியபோது போட்டி மாறியது. 2011-ல் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன. ஆனாலும் "ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் உள்ள சொல் எது?" என்ற க்விஸ் கேள்விக்கு இன்றும் பலர் சொல்லும் பதில் 'செட்' தான்.

430 பொருளையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் மூன்று குடும்பங்களில் அடங்கிவிடும்.

ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

வினைச்சொல்லான 'செட்' பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அது 'சிட்', அதாவது உட்கார் என்பதன் பிறவினை. உட்கார வைப்பதுதான் செட். தமிழில் அமர் என்பதிலிருந்து அமர்த்து, இரு என்பதிலிருந்து இருத்து வருகிறதே, அதே மாதிரி.

'ஒரு தொகுப்பு' என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் 'செட்'டுக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. லத்தீன் 'செக்டா' என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவரைப் பின்தொடரும் கூட்டம் என்று பொருள். மதப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். காலப்போக்கில் இரண்டும் ஒரே உச்சரிப்புக்கும் ஒரே எழுத்துக்கும் வந்து சேர்ந்து, ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

ஆக, மூன்று குடும்பங்கள் இவை:

- வைப்பது: ஒன்றை ஓர் இடத்தில், ஒரு நிலையில், ஒரு மதிப்பில் நிறுத்துவது. அலாரம் செட் பண்ணுவது, டார்கெட் செட் பண்ணுவது.
- நிலைப்பது: அசைந்துகொண்டோ இளகியோ இருந்த ஒன்று ஒரு நிலைக்கு வந்து நிற்பது. சிமென்ட் செட் ஆவது, ஜெல்லி செட் ஆவது. சூரியன் அடிவானத்தில் போய் இறங்குவதையும் இதோடு வைத்துக்கொள்ளலாம்.
- சேர்ந்தது: ஒன்றாக எண்ணப்படும் தொகுப்பு. டீ செட், நகை செட், டேட்டா செட், "எங்க செட் பசங்க".

இடையில் ஒரு எச்சரிக்கை: 'அசெட்' இந்தக் குடும்பத்தில் சேராது. அது 'போதுமான அளவு' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கடனை அடைக்கப் போதுமான சொத்து என்ற சட்டப் பொருளில்தான் அது முதலில் புழங்கியது. 'செட்டில்' மட்டும் சொந்தக்காரச் சொல். இருக்கை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. "பெங்களூருல செட்டில் ஆயிட்டான்" என்றால், அங்கே போய் உட்கார்ந்துவிட்டான் என்றே அர்த்தம்.

நம்ம 'வை' இருக்கே!

முதல் குடும்பத்தைப் பிடிக்க உங்களுக்கு அகராதி தேவையில்லை. தமிழ் பேசும் யாருக்கும் அது ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தில் 'செட்' வரும் இடங்களில் தமிழ் என்ன சொல்கிறது என்று பாருங்கள்:

- செட் ஃபயர்: தீ வை
- செட் ஃபுட்: கால் வை
- செட் எ ட்ராப்: பொறி வை
- செட் எ ப்ரைஸ்: விலை வை
- செட் ஆன் எக்ஸாம்: பரீட்சை வை
- செட் எ கோல்: இலக்கு வை
- செட் சம்ஒன் திங்கிங்: யோசிக்க வை
- செட் அசைட் மணி: பணம் எடுத்து வை

ஒரே 'வை' எட்டு இடத்திலும் பொருந்துகிறது. இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை. அன்றாடம் புழங்கும் சின்ன வினைச்சொல் எந்த மொழியிலும் இப்படித்தான் பொருளைக் கூட்டிக்கொண்டே போகும். கையால் ஒரு பொருளை வைப்பதில் தொடங்கி, பெயர் வைப்பது, நம்பிக்கை வைப்பது, சிரிக்க வைப்பது வரை 'வை' வந்திருக்கிறது. 'செட்' போன பாதையும் ஏறக்குறைய அதுவே.

ஆனால் இரண்டும் பிரியும் இடங்களும் உண்டு. 'வைத்திரு' என்ற பொருளில் 'செட்' வராது. "கையில காசு வச்சிருக்கேன்" என்பதற்கு 'ஹேவ்' வேண்டும். பெயர் வைப்பதற்கு 'நேம்' அல்லது 'கிவ்'. குழம்பு வைப்பதற்கு 'மேக்'. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். கோட்டுகால் ஊராட்சியில் அடிமலத்துறை போன்ற கடற்கரைகள் இருக்கின்றன. சூரியன் நேராகக் கடலிலேயே இறங்கும் மேற்குக் கரை. அங்கே நின்று ஆங்கிலத்தில் 'சன்செட்' என்று படம் போடுவோம். தமிழில் சூரியன் மறையும், சாயும், விழும். "சூரியன் செட் ஆயிடுச்சு" என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு சிக்கல் காலம். 'செட்' நேற்றும் 'செட்', இன்றும் 'செட்', முடிந்த வினையிலும் 'செட்'. 'வீ செட் த ப்ரைஸ் எவ்ரி மண்டே' என்று மெயிலில் எழுதினால், இப்போதும் ஒவ்வொரு திங்களும் விலை வைக்கிறோம் என்றும் படிக்கலாம், முன்பு அப்படி வைத்துவந்தோம் என்றும் படிக்கலாம். தேதியையோ, 'ஹேவ்', 'வில்' போன்ற துணைச் சொல்லையோ சேர்த்து எழுதினால் எதிர்முனையில் இருப்பவருக்கு வேலை மிச்சம்.

தமிழுக்கு வந்த 'செட்' என்ன ஆனது?

தமிழ் இந்தச் சொல்லை வாங்கி, தன் வசதிக்கு இரண்டு துணைவினைகளைக் கட்டிக்கொடுத்தது: பண்ணு, ஆகு. கூடவே ஒரு உகரம் சேர்த்து 'செட்டு' என்றும் ஆக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அது போன இடங்களை ஆங்கிலேயர்கள் கேட்டால் திகைப்பார்கள்.

*மைக்செட்டு, பம்புசெட்டு.* கோயில் கொடை என்றால் மைக்செட்டு. வயல் என்றால் பம்புசெட்டு. பல பாகம் சேர்ந்த கருவி என்ற பொருளில் ரேடியோ செட், டிவி செட் வந்த வரிசையில் இவையும் வந்தன. ஆங்கிலத்தில் 'மைக் செட்' என்று சொன்னால் ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், ஒயர், அதை இயக்கும் அண்ணன் எல்லாம் நினைவுக்கு வராது. தமிழில் வரும்.

*எங்க செட்டு.* ஒரே வருடம் படித்தவர்கள், ஒரே வயதுக்காரர்கள், சேர்ந்து சுற்றுகிறவர்கள். மூன்றாவது குடும்பத்தின் பழைய பொருளான 'பின்தொடரும் கூட்டம்' இங்கே ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

*செட் பரோட்டா, செட் தோசை.* தமிழ்நாட்டுக் கடைகளில் ஒரு செட் பரோட்டா என்றால் பொதுவாக இரண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த செட் தோசை பொதுவாக மூன்று. எண்ணிக்கை சொல்லில் இல்லை, கடையில் இருக்கிறது. பசியோடு ஆர்டர் பண்ணும்முன் கேட்டுக்கொள்வது நல்லது.

*செட்டிங், செட்டப்.* "அதெல்லாம் செட்டிங்பா" என்றால் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம். சினிமா செட்டிலிருந்து வந்ததோ, 'செட்டப்' என்ற ஆங்கிலச் சொல்லின் சதி என்ற பொருளிலிருந்து வந்ததோ, இரண்டும் கலந்துதான் இப்போது காதில் விழுகிறது.

*செட் ஆகல.* இதுதான் தமிழ் தானே உண்டாக்கிக்கொண்ட பொருள். "அந்த வேலை எனக்கு செட் ஆகல", "இந்த கலர் உனக்கு செட் ஆகாது". பொருந்தவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'செட்'டுக்கு இந்தப் பொருள் கிடையாது. இன்டர்வியூவில் 'த ரோல் டிட் நாட் செட் ஃபார் மீ' என்று சொன்னால், எதிரே இருப்பவர் ஒரு நொடி விழிப்பார். அங்கே வேண்டியது 'சூட்' அல்லது 'ஃபிட்'. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களும் வேகத்தில் வழுக்கும் இடம் இது.

ஒரே தேர்வு அறையில் மூன்று குடும்பமும் வந்து நிற்பதையும் பார்க்கலாம்: "கொஸ்டின் பேப்பர் யார் செட் பண்ணாங்களோ, எனக்கு பி செட் வந்துச்சு, படிச்சது எதுவும் செட் ஆகல."

கணக்கில் வரும் 'செட்'டை மட்டும் தமிழ் அப்படியே வாங்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் அதைக் 'கணம்' என்கிறது. மலையாளத்திலும் 'கணம்' தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் 'தொடை'. யாழ்ப்பாணத்தில் படித்த சக ஊழியர் 'தொடைகள்' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். பூக்களைத் தொடுப்பது போலத் தொடுத்தது என்ற நல்ல சொல் அது.

கோட்டுகால் பக்கம் 'செட்' என்றால்?

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பக்கத்தில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டாலும் பேச்சு அந்தக் கோட்டில் நிற்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் இளைஞர்கள் "எல்லாம் செட்" என்றால், எல்லாம் தயார், கவலை வேண்டாம் என்று பொருள். "செட்டாக்காம்" என்றால் ஏற்பாடு செய்துவிடலாம். இந்தப் பொருளை ஆங்கிலேயரும் புரிந்துகொள்வார்கள். 'ஆல் செட்' அவர்கள் வழக்கமும்தான். இந்தப் பக்கம் நாம் 'செட் ஆகல' என்பதை அதிகம் புழங்க, அந்தப் பக்கம் 'செட்டாயி' என்பது அதிகம் புழங்குகிறது.

அடுத்தது துணி. கோட்டுகாலுக்குப் பக்கத்து ஊரான பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் போனது. பாலராமபுரம் சேலைக்கும் மென்பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு உண்டு. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர் குடும்பங்களை அழைத்து வந்து அங்கே குடியமர்த்தினார்கள். ஊருக்கும் அந்த மன்னர் பெயரே நிலைத்தது.

அங்கே 'செட்' என்றால் பெரும்பாலும் செட்டுமுண்டு. இடுப்பில் கட்ட ஒரு முண்டு, மேலே போட ஒரு நேரியது, இரண்டும் சேர்ந்து ஒரு செட். ஓணத்துக்கு ஆபீஸில் கேரள உடை என்று அறிவிப்பு வந்ததும் நீங்கள் ஆன்லைனில் தேடுவீர்கள். அங்கே 'செட்டுமுண்டு' என்றும் 'செட் சாரி' என்றும் இரண்டு வரும். படத்தில் ஒரே மாதிரி இருக்கும். செட்டுமுண்டு இரண்டு துண்டு. செட் சாரி என்று விற்பது பெரும்பாலும் அதே தோற்றத்தில் நெய்த ஒற்றைச் சேலை. பெயரில் மட்டும்தான் 'செட்' மிச்சம். கட்டத் தெரிந்தது எது என்று பார்த்து வாங்குங்கள். விவரத்தில் 'இரண்டு துண்டு' என்று இருக்கிறதா என்பதே சோதனை.

செட் தேர்வு: எல்லை தாண்டினால் செல்லுமா?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மாநிலத் தகுதித் தேர்வு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் செட். கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் சுருக்கம் ஒன்று, விரிவும் ஒன்று. ஆனால் எதற்கான தகுதி என்பது வேறு.

- கேரள செட்: மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கும், தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பாடம் அல்லாத பாடங்களின் ஆசிரியர் வேலைக்கும் உரிய தகுதித் தேர்வு. எல்.பி.எஸ். மையம் நடத்துகிறது. முதுகலைப் பட்டத்தோடு பி.எட். என்பது பொதுவான தகுதி.
- தமிழ்நாடு செட்: கல்லூரி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு. யு.ஜி.சி.யின் நெட் தேர்வுக்கு இணையாக மாநில அளவில் நடப்பது. முதுகலைப் பட்டம் போதும், பி.எட். தேவையில்லை.

ஆகவே பாறசாலையில் இருக்கும் ஒருவர் கேரள செட் சான்றிதழை வைத்துக்கொண்டு மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தால், அந்தச் சான்றிதழ் அங்கே கணக்கில் வராது. படிவத்தில் 'நெட் / செட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடிப்பதும் தவறாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் ஒரு கதவு மூடியிருக்கிறது. யு.ஜி.சி. விதிப்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கான மாநில செட் தகுதி அந்தந்த மாநிலத்துக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே செல்லும். 2002 ஜூன் 1-க்கு முன் நடந்த தேர்வுகளில் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும் நாடு முழுதும் செல்லும் என்ற விலக்கு உண்டு. இப்போது தமிழ்நாடு செட் எழுதுகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. எல்லையோரத்தில் இருந்து இரண்டு மாநிலத்திலும் கல்லூரி வேலை தேடுகிறவர் நெட் எழுதுவதே மேல். நெட் நாடு முழுவதும் செல்லும்.

ரெஸ்யூமில் 'செட் குவாலிஃபைட்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மாநிலம், எந்தப் பாடம், எந்த ஆண்டு, பள்ளிக்கா கல்லூரிக்கா என்று ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள். நான்கைந்து சொல் கூடும். பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் வரும் அலைச்சல் குறையும்.

ஆபீஸிலும் கோர்ட்டிலும் 'செட்' மாறுவது எப்படி?

'செட்'டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டினால் பொருள் திரும்பிவிடும். பணமும் உரிமையும் சம்பந்தப்பட்ட நான்கை மட்டும் பார்ப்போம்.

*செட் அசைட்.* ஃபைனான்ஸ் டீம் 'வீ ஹேவ் செட் அசைட் ஃபைவ் லேக்ஸ்' என்றால், ஐந்து லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மேல் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை 'செட் அசைட்' செய்தது என்றால் அதை ரத்து செய்துவிட்டது. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தது இல்லை. நீங்கள் ஆஜராகாததால் சிவில் வழக்கில் உங்களுக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கும் பேச்சுவழக்கில் 'செட் அசைட் பெட்டிஷன்' என்றே பெயர். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9, விதி 13 அதற்கு வழி தருகிறது. கால வரம்பு 30 நாள். சம்மன் முறையாக வந்து சேராதிருந்தால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். 'ஒதுக்கி வை' என்று புரிந்துகொண்டு சும்மா இருந்தால் அந்த 30 நாள் போய்விடும்.

*செட் ஆஃப்.* ஊருக்குக் கிளம்புவதும் இதுதான், வெடி வெடிக்க வைப்பதும் இதுதான். வருமான வரியில் மட்டும், ஒரு நஷ்டத்தை ஒரு லாபத்தில் கழித்துக்கொள்வது. எதை எதில் கழிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பங்கில் வந்த குறுகியகால மூலதன நஷ்டத்தைக் குறுகியகால லாபத்திலும் நீண்டகால லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். மிச்சத்தை அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம், ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால். எஃப் அண்ட் ஓவில் விட்ட பணம் தொழில் நஷ்டம். அதைச் சம்பளத்தோடு செட் ஆஃப் செய்ய முடியாது. "நஷ்டத்தைக் காட்டி சம்பளத்துல பிடிச்ச டிடிஎஸ்ஸை வாங்கிடலாம்" என்று நண்பர் சொன்னால் நம்ப வேண்டாம்.

*செட்பேக்.* செய்தியில் 'பின்னடைவு'. வீட்டு வரைபடத்தில் அப்படி இல்லை. மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய காலியிடம். ஃப்ளாட்டோ வீடோ வாங்கும்போது 'செட்பேக் வயலேஷன்' என்று வக்கீல் எழுதியிருந்தால், விதிப்படி விட வேண்டிய இடத்தில் கட்டிவிட்டார்கள் என்று பொருள். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாத இடம்.

*செட்டிங் டைம்.* சிமென்ட் மூட்டை சம்பந்தப்பட்டது. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் தண்ணீர் பட்டதும் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் முழுக்க இறுகிவிட வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. ஆனால் 'செட் ஆயிடுச்சு' என்பதற்கும் 'பலமாயிடுச்சு' என்பதற்கும் நடுவே நாட்கணக்கு இருக்கிறது. மூட்டையில் இருக்கும் 43, 53 என்ற எண்கள் 28-வது நாள் வலிமையைச் சொல்கின்றன. கான்க்ரீட் மறுநாள் கல் மாதிரி இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால், அந்த வலிமை வராமலே போகும். குறைந்தது ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

கோடு எழுதுகிறவர்களுக்கு

இரண்டு ஊற்றும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடம் மென்பொருள். 'கெட்டர், செட்டர்' என்று சொல்லும்போது வருவது 'வை' குடும்பம்: ஒரு மாறிக்கு மதிப்பை வைப்பது. பைத்தானில் 'செட்' என்ற தரவு வகை வருவது 'தொகுப்பு' குடும்பம். கணக்குப் பாடத்துக் கணம் போலவே, ஒரே உறுப்பு இரண்டு முறை இருக்காது. பட்டியலைச் செட்டாக மாற்றினால் டூப்ளிகேட் தானாகப் போய்விடும். அதோடு வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை. முதலில் போட்டது முதலில் வரும் என்று நம்பிக் கோடு எழுதினால் என்றாவது ஒருநாள் பிசகும்.

எஸ்க்யூஎல்லில் 'அப்டேட்' வரியில் வரும் 'செட்' மறுபடி 'வை' தான். எந்த வரிசைகளில் வைக்க வேண்டும் என்பதை 'வேர்' சொல்கிறது. அந்த 'வேர்' விட்டுப்போனால் அட்டவணையில் உள்ள எல்லா வரிசையிலும் அதே மதிப்பு போய் உட்கார்ந்துவிடும். முதலில் அதே 'வேர்' நிபந்தனையோடு 'செலக்ட்' ஓட்டி, எத்தனை வரிசை வருகிறது என்று பார்த்த பிறகு 'செட்' எழுதும் பழக்கம் நல்லது.

அப்போ, எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த முறை 'செட்' கண்ணில் பட்டால், நிதானமாக மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1. 'வை' போட்டால் பொருந்துகிறதா? பொருந்தினால் முதல் குடும்பம். யார் வைத்தார்கள், எதை வைத்தார்கள், எந்த மதிப்பில் வைத்தார்கள் என்று பாருங்கள்.
2. தானாக நிலைத்து நின்றதா? அப்படியென்றால் இரண்டாவது. முழுக்க நின்றுவிட்டதா, இன்னும் நேரம் வேண்டுமா என்று கேளுங்கள்.
3. எண்ண முடிகிறதா? அப்படியென்றால் மூன்றாவது. அந்தச் செட்டில் எத்தனை, எவை என்று கேளுங்கள். பரோட்டாவாக இருந்தாலும் செட்டுமுண்டாக இருந்தாலும் இதுதான் கேள்வி.

மூன்றிலும் சேராமல், பெரிய எழுத்துகளில் புள்ளி வைத்தோ வைக்காமலோ நின்றால், அது சுருக்கப்பெயர். அதற்கு அர்த்தம் கிடையாது, முகவரிதான் உண்டு. யார் நடத்துகிறார்கள், எந்த மாநிலம், எதற்காக என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

கோட்டுகாலில் 'செட்' பாஸ் பண்ணியவரிடம் கேட்க வேண்டியதும் இதையேதான்: "வாழ்த்துகள். ஸ்கூலுக்கா, காலேஜுக்கா?"